முதலாளி முறைச்ச வாரம்

திங்கட்கிழமை காலையில முதலாளி என்னை முறைச்சாரு. சாதாரண முறைப்பு இல்ல. இருபத்தாறு வருஷமா சிரிச்ச முகத்தோட கம்பெனி நடத்தின மனுஷன், கண்ணை அகல விரிச்சு, இமைகூடக் கொட்டாம, என் மூக்குக்கு நேரா பார்த்தாரு. நான் நீட்டின காகிதத்தை வாங்கி, ஒரு வரிகூடப் படிக்காம மேஜை ஓரத்துல வச்சாரு.

"அப்புறம் பார்க்கலாம்மா"ன்னாரு.

அவ்வளவுதான். நான் பயந்து போய் வெளிய வந்துட்டேன்.

அது என்ன காகிதம்னு சொல்லிடறேன், இல்லாட்டி என் பயம் உங்களுக்குப் புரியாது. நாங்க மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் செய்யிற கம்பெனி. கடைக்காரங்க கண்ணைப் பரிசோதிச்சு, பவர் எழுதி, ஃபிரேமோட எங்களுக்கு அனுப்புவாங்க. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதுல ஒரு சீட்டு. அந்தத் தட்டு தேய்ப்பு, பாலிஷ், பூச்சு, வெட்டுன்னு மேஜை மேஜையா நகர்ந்து கடைசியில பெட்டிக்குள்ள போகும். மூணு வேலை நாள்ல கடைக்குத் திரும்பிடும்கிறது எங்க வாக்கு. ஒரே அறையில, ஒரு நாளைக்கு நாப்பது ஜோடின்னு ஆரம்பிச்ச கம்பெனி. ஒன்றரை வருஷம் முன்னாடி நான் வந்து சேர்ந்தப்ப ஆயிரத்து அறுநூறு ஜோடி, நூத்து நாப்பது பேர், ரெண்டு ஷிப்ட். வாக்கு மட்டும் அதே மூணு நாள்தான். நூத்துக்கு நாப்பத்தஞ்சு தட்டு அந்த மூணு நாளைத் தாண்டிக்கிட்டிருந்துச்சு.

என் அறைக் கதவுல செயல்பாட்டு இயக்குநர்னு எழுதியிருக்கும். கேட்க ஜோராத்தான் இருக்கு. வேலை என்னன்னா, எது எங்க ஏன் நிக்குதுன்னு கண்டுபிடிச்சு அதை நகர்த்தணும். கீழ வேலை செய்யிறவங்க எனக்கு வச்ச பேரு சிக்னல். முதல் மாசம் போன இடமெல்லாம் கையைக் காட்டி நிறுத்தி, ஏன் எதுக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், அதான். என் காதுல விழாதுன்னு நினைப்பு அவங்களுக்கு.

ஒரு வருஷத்துக்கு மேல என்னென்னமோ மாத்தியும் சரியாகாம, அந்தத் திங்கட்கிழமைக்கு ரெண்டு மாசம் முன்னாடி நாலு நாள் கீழயே நின்னு பார்த்தேன். மெஷின்ல கோளாறு இல்ல. ஆளும் பத்தாம இல்ல. எங்க நோய் என்னன்னா, முதலாளியோட நல்ல மனசு.

யாராவது ஒரு கடைக்காரர் அவர் கைப்பேசிக்குக் கூப்பிடுவாரு. அண்ணே, நம்ம வாடிக்கையாளர் நாளைக்கு விமானம் ஏறணுமாம், கொஞ்சம் பார்த்து விடுங்கன்னு கெஞ்சுவாரு. இவர் உடனே, நீ கவலையை விடு, நானே பார்த்துக்கிறேன்னு கீழ இறங்கிடுவாரு. அந்தத் தட்டைத் தேடிப் பிடிச்சு, ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு, ஒவ்வொரு மேஜையா நடப்பாரு. அவரைப் பார்த்ததும் தேய்க்கிறவங்க கையில இருக்கிறதை அப்படியே போட்டுட்டு மெஷினை மாத்தி அமைப்பாங்க. லென்ஸ் மேல பூச்சுப் போடற மெஷின் கதை இன்னும் மோசம். எழுபது ஜோடியை உள்ள அடுக்கி, கதவை மூடி, காத்தை மொத்தமா உறிஞ்சி, ஒன்றரை மணி நேரம் ஓட்டணும். கதவை மூடப் போற நேரம் பார்த்து முதலாளி தூரத்துல இருந்து, ரெண்டு நிமிஷம், ஒண்ணே ஒண்ணு வருதுன்னு குரல் கொடுப்பாரு. அந்த ரெண்டு நிமிஷம் நாப்பது நிமிஷமாயிடும்.

முதலாளியே தட்டோட நடந்தா மத்தவன் சும்மா இருப்பானா? விற்பனைப் பிரிவுல ஆளாளுக்கு நடக்க ஆரம்பிச்சாங்க. ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன். இருபத்தி நாலு தட்டு கையில நடந்து போச்சு. மத்த தட்டெல்லாம் அதுங்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்னுச்சு.

பூனைக்கு யார் மணி கட்டுறது? எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான், ஆனா சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஒரு சீட்டை எடுத்துக்கிட்டு நேரா அவர் அறைக்குப் போனேன். 'தையல் வேலை, கிட்டப் பார்வை முக்கியம்'னு கடைக்காரர் குறிப்பு எழுதியிருந்த சீட்டு அது.

"சார், ஆறு நாள்ல இந்தத் தட்டை ஒன்பது தடவை ஒதுக்கி வச்சிருக்காங்க. பாவம், அந்தத் தையல்காரர் ஊசியில நூல் கோக்க முடியாம உட்கார்ந்திருப்பாரு. அவர் செஞ்ச ஒரே தப்பு, உங்க போன் நம்பர் தெரியாததுதான்."

அவர் அந்தச் சீட்டை வாங்கிக் கண்ணாடிக்குக் கிட்ட வச்சுப் பார்த்தாரு. பன்னிரண்டு பவர் மைனஸ் கண்ணாடி அவருக்கு. சோடா பாட்டில் அடி மாதிரி கனமா இருக்கும், அதுக்குப் பின்னாடி கண்ணு ரெண்டும் பொட்டுப் பொட்டா தெரியும்.

"நான் உதவிதானேம்மா செஞ்சேன்?"

"உதவிதான் சார். ஒருத்தருக்கு."

அன்னிக்கு என் சீட்டு கிழிஞ்சிருக்கணும். கிழியல. வந்த வரிசையிலதான் தட்டு போகணும், யாரும் கையில தூக்கிட்டு நடக்கக் கூடாது, மெஷின் நிறைஞ்சதும் கதவை மூடணும், யாருக்காகவும் திறந்து வைக்கக் கூடாதுன்னு நான் எழுதினதையெல்லாம் ஒத்துக்கிட்டாரு. கடைசி வரிதான் கஷ்டமான வரி. முதலாளி வேலைக்கூடத்துக்குள்ள வரக் கூடாது. அதையும் படிச்சுட்டு கையெழுத்துப் போட்டாரு. ஆனா ஒரு நிபந்தனை வச்சாரு. எட்டு வாரம் சோதனை. எட்டாவது வாரம் வியாழக்கிழமை அவர் முடிவு சொல்லுவாரு. நிரந்தர உத்தரவுல கையெழுத்துப் போட்டா இதுவே இனிமே முறை. போடலேன்னா பழையபடி.

அதோட வாயை மூடிக்கிட்டு வந்திருக்கலாம். தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. "பழையபடின்னா நான் இருக்க மாட்டேன் சார்"னு சொல்லிட்டு வந்துட்டேன். வேற கம்பெனியில இருபது வருஷம் குப்பை கொட்டிட்டு, இதை உருப்படியாக் கட்டி எழுப்பணும்னு ஆசையா வந்தவ நான். நாப்பத்தெட்டு வயசுல மறுபடியும் யார் வாசல்ல போய் நிக்கிறது?

இப்பப் புரிஞ்சிருக்கும். திங்கட்கிழமை நான் நீட்டினது அந்த நிரந்தர உத்தரவைத்தான். அது எட்டாவது வாரம்.

எட்டு வாரத்துல நூத்துக்குத் தொண்ணூத்தி மூணு தட்டு நேரத்துக்குப் போக ஆரம்பிச்சிருந்துச்சு. ரெண்டாவது ஷிப்டுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைச்சுது. அப்புறம் எதுக்குப் பயம்னு கேட்பீங்க. பழைய கடைக்காரங்க பன்னிரண்டு பேர் இருந்தாங்க, முதலாளியோட ஆரம்ப நாள்ல இருந்து கூட இருக்கிறவங்க. அவங்களுக்கு இப்ப மூணு நாள்ல வருது. முன்னாடி ஒரே நாள்ல வந்துச்சு. நீங்க மாறிட்டீங்க அண்ணேன்னு ஆளாளுக்கு அவர்கிட்ட அழுதாங்க. ஒருத்தர் கணக்கை முடிச்சுக்கிட்டே போயிட்டாரு. அன்னிக்கு முதலாளி மதியம் சாப்பிடல. எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை இன்னும் மோசம். நடைபாதையில எதிர்ல வந்தாரு. "குட் மார்னிங் சார்"னேன். நான் நின்ன பக்கம் பார்க்காம, சுவத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு. சுவத்துக்குக் கிடைச்ச மரியாதை எனக்குக் கிடைக்கல. அதோட, வழக்கமாத் தனியா வர்றவரு அன்னிக்கு அம்மாவோட வந்தாரு. அம்மான்னா அவர் மனைவி, கம்பெனியில எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவங்க அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அறை வரைக்கும் வந்து உட்கார வச்சுட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சாங்க. பாவமேன்னு சிரிக்கிற சிரிப்பு மாதிரி இருந்துச்சு. வருஷத்துக்கு ஒரு தடவைகூட ஆபீஸ் பக்கம் எட்டிப் பார்க்காதவங்க எதுக்கு வர்றாங்க? என்னை அனுப்பறதைப் பத்தி வீட்டுலயே பேசி முடிவு பண்ணிட்டாங்கன்னு நினைச்சேன்.

சாயங்காலம் வீட்டுல என் வீட்டுக்காரர் துணி மடிச்சுக்கிட்டிருந்தாரு. பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். எதையும் படபடப்பில்லாம கேட்பாரு, அதுவே எனக்கு எரிச்சலா இருக்கும்.

"ஏங்க, அவர் என்னைக் கண்ணை உருட்டிப் பார்க்கிறாருங்க."

"உனக்கும் அப்படித்தான் பார்க்கத் தெரியும். நான் இருபது வருஷமா வேலையை விட்டா போயிட்டேன்?"

"விளையாடாதீங்க. அந்தக் காகிதத்தைத் தொடக்கூட இல்ல. இன்னிக்கும் கேட்டேன். நாளைக்குப் பார்க்கலாம்னுட்டு, போன் எடுக்கிற பொண்ணைக் கூப்பிட்டு வேற ஏதோ கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டிருக்காரு. என் எழுத்தைப் பார்க்கவே பிடிக்கல போல."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்"னு சொல்லிட்டு அவர் பாட்டுக்குத் தலையணை உறையை உதறினாரு. எனக்கு வந்த கோபத்துக்கு அவர் மடிச்ச துணியையெல்லாம் கலைச்சிருப்பேன்.

புதன்கிழமை காலை ஒன்பதே முக்கால். பூச்சு மெஷின் நின்னு போச்சு. காத்தை உறிஞ்சுற பம்ப் ஒரு தடவை இருமிட்டு அடங்கிடுச்சு. மெக்கானிக் வந்து பார்த்து, மதியம் ரெண்டரைக்கு முன்னாடி ஒண்ணும் ஆகாதுன்னுட்டாரு. பட்ட காலிலே படும்னு சும்மாவா சொன்னாங்க. இன்னொரு மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு, ஆனா அதால பாதிதான் முடியும். பதினோரு மணிக்கெல்லாம் பூச்சு மேஜைக்கு முன்னாடி தட்டு மேல தட்டா முன்னூறு ஜோடி குவிஞ்சிருச்சு.

மேஸ்திரி என்கிட்ட வந்தாரு. கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல இருந்து இருக்கிறவரு, தேய்ப்பு பூச்சு ரெண்டும் அவர் பொறுப்புதான். நல்ல மனுஷன். என் முறையை அரை மனசோடதான் ஏத்துக்கிட்டாரு, ஆனா ஏத்துக்கிட்டதுக்கு அப்புறம் ஒரு நாள்கூட ஏமாத்தல.

"மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. பெரிய கடைங்க, பழைய கடைங்க, இதுங்களை மட்டும் தேடி முதல்ல உள்ள விட்டுடலாம். சில்லறைக் கடையெல்லாம் வெள்ளிக்கிழமை போகட்டும். இன்னிக்கு ஒரு நாள்தானே."

"இன்னிக்கு ஒரு நாள்தான் அண்ணே சோதனையே. மெஷின் ஓடுற நாள்ல வரிசையா நிக்கிறது என்ன பெரிய விஷயம்?"

"முதலாளி வேற நாளைக்கு முடிவு சொல்றாரு. பெரிய கடை ஏதாச்சும் கோவிச்சுக்கிட்டுப் போனா உங்க கதிதான் மேடம் என்ன ஆகுறது?"

அக்கறையாத்தான் கேட்டாரு. அந்த நேரம் பார்த்து போன். அறுபது கிளை வச்சிருக்கிற கடையோட கொள்முதல் மேலாளர். மெஷின் நின்ன சேதி எப்படித்தான் அவருக்குப் போச்சோ.

"எங்க தட்டை முதல்ல எடுங்க. இல்லேன்னா நேரா உங்க முதலாளிகிட்டப் பேசிக்கிறேன்."

உண்மையைச் சொல்றேன், ஒரு நிமிஷம் தடுமாறிட்டேன். சரின்னு சொல்லிட்டா என் நாற்காலி தப்பிச்சுடும். யாருக்குத் தெரியப் போகுது? எங்கயோ ஒரு மூலையில சின்னக் கடையில கண்ணாடிக்குக் காத்திருக்கிறவங்களுக்கு நான் யாருன்னே தெரியாது. அப்புறம் என் மேலயே எனக்குக் கோபம் வந்துச்சு. இதைத்தானே முதலாளி செய்யக் கூடாதுன்னு அவரைக் கீழ வர விடாம நிறுத்தி வச்சேன்? ஊருக்குத்தான் உபதேசமா?

"பேசிக்கோங்க சார். உங்க தட்டு வரிசையில இருக்கு. உங்களுக்கு முன்னாடி வந்தவங்களுதை முடிச்சுட்டு உங்களுதை முடிப்போம். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள வரும்"னு சொல்லி வச்சுட்டேன்.

மேஸ்திரி என்னையே பார்த்துக்கிட்டு நின்னாரு. "தலைக்கு மேல போயாச்சு, சாண் என்ன முழம் என்ன"ன்னுட்டு சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, தட்டையெல்லாம் வந்த நேரப்படி அடுக்க உட்கார்ந்தாரு. நானும் பக்கத்துல உட்கார்ந்தேன். முன்னூறு தட்டையும் ரெண்டு பேருமா அடுக்கினோம். முதல் ஷிப்ட்ல பதினொரு பேர், நாங்களும் ரெண்டு மணி நேரம் கூட இருக்கோம்னு அவங்களாவே சொன்னாங்க. ரெண்டே முக்காலுக்கு பம்ப் உயிர் பிழைச்சுது.

மதியம் முதலாளிகிட்டச் சொல்லப் போனேன். அதே அகலக் கண்ணு. ஜன்னல் பக்கமா உட்கார்ந்திருந்தாரு. நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு.

"வரிசையை மாத்தினீங்களா?"

"இல்ல சார்."

"யாருக்காகவும்?"

"யாருக்காகவும் இல்ல. அறுபது கிளைக் கடைக்காரர் கூப்பிட்டாரு. அவருக்கும் முடியாதுன்னுட்டேன்."

"ம்"னாரு. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டாரு. ஜன்னலுக்கு வெளிய ஒரு தண்ணித் தொட்டியைத் தவிர ஒண்ணுமே கிடையாது.

சரி, முடிஞ்சுதுன்னு புரிஞ்சுக்கிட்டேன். வியாழக்கிழமை மதியம் கதவைச் சாத்திக்கிட்டு ராஜினாமாக் கடிதம் எழுதினேன். நாலே வரி. வெளிய போன்னு அவர் சொல்றதுக்கு முன்னாடி நானே போயிட்டா நல்லதுன்னு தோணுச்சு. மனுஷன் பதினெட்டு மாசத்துல ஒரு தடவைகூட என்னைக் கடிஞ்சு பேசினதில்ல. அவர் வாயால அதைக் கேட்க என்னால முடியாது. எழுதும்போது அழுகை வந்துச்சு, ஒத்துக்கிறேன். மெஷின் பழுதான மறுநாளும் தொண்ணூத்தி ஒண்ணு நேரத்துக்குப் போயிருக்குன்னு மேஜை மேல கணக்குக் காகிதம் கிடந்துச்சு. யாருக்கு வேணும் அந்தக் கணக்கு?

சாயங்காலம் அஞ்சு மணி. உறையை எடுத்துக்கிட்டு அவர் அறைக்குப் போனேன். அம்மாவும் அங்கதான் இருந்தாங்க. அப்பத்தான் வெளிய இருந்து வந்திருப்பாங்க போல, கைப்பை இன்னும் தோள்லயே இருந்துச்சு. மேஜையில தெருமுனைக் கண்ணாடிக் கடையோட பை ஒண்ணு.

"சார், இதைப் படிச்சுடுங்க"ன்னு உறையை நீட்டினேன். குரல் எனக்கே வேற யாரோ பேசற மாதிரி இருந்துச்சு.

"இரும்மா. இரு"ன்னாரு. கை பரபரன்னு அந்தப் பையைத் தடவித் திறந்துச்சு. உள்ள ஒரு கண்ணாடிக் கூடு. போட்டிருந்த கண்ணாடியைக் கழட்டி மேஜையில வச்சாரு. அது என் பக்கமா சறுக்கி வந்துச்சு. பழக்கதோஷம், எடுத்துப் பார்த்தேன். சோடா பாட்டில் கனம் எங்க? காகிதம் மாதிரி இருந்துச்சு. வரவேற்பறை அலமாரியில பார்வைக்கு வச்சிருக்கோமே, பவரே இல்லாத வெத்துக் கண்ணாடி. அதே ஃபிரேம், அதே நிறம்.

நான் நிமிர்ந்தப்ப அவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கிட்டிருந்தாரு. என் கண்ணெதிர்லயே அவர் கண்ணு ரெண்டும் சுருங்கி, பழையபடி பொட்டுப் பொட்டா ஆயிடுச்சு. அந்த முறைப்பு போன இடம் தெரியல.

இருபத்திரண்டு வருஷம் இதே தொழில்ல இருக்கேன். மைனஸ் லென்ஸ் கண்ணைச் சின்னதாக் காட்டும்கிறதை எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கேன். அது இல்லேன்னா கண்ணு பெருசாத் தெரியும்னு என் மரமண்டைக்கு நாலு நாளா உறைக்கல. கண்ணு தெரியாத மனுஷன் என்னை முறைக்கிறாருன்னு நினைச்சு ராஜினாமா எழுதிட்டேன்.

அதுக்குள்ள அவர் உறையைப் பிரிச்சுப் படிச்சுட்டாரு.

"புதுக் கண்ணாடி போட்டு முதல் முதலாப் படிக்கிறது இதுவாம்மா?"

அம்மா எட்டிப் பார்த்துட்டு வாய்விட்டுச் சிரிச்சாங்க. "நான் செவ்வாய்க்கிழமையே சொன்னேன், இந்தப் பொண்ணு முகமே சரியில்ல, விஷயத்தைச் சொல்லிடுங்கன்னு. கேட்டாத்தானே."

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை சோபாவுல கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, அது மேலயே உட்கார்ந்திருக்காரு. ஊருக்கெல்லாம் கண்ணாடி செய்யிறவர்கிட்ட மாத்துக் கண்ணாடி ஒண்ணு கிடையாது. எதுக்கு? உடைஞ்சா தட்டைத் தூக்கிட்டு நடந்தா ரெண்டு மூணு மணி நேரத்துல புதுசு. திங்கட்கிழமை காலையில அதே நினைப்போடதான் கிளம்பியிருக்காரு. வேலைக்கூடத்துக் கதவு வரைக்கும் போயிட்டு, கையெழுத்துப் போட்டது ஞாபகம் வந்து திரும்பிட்டாராம். அம்மாவை விட்டு தெருமுனைக் கடையில, அம்மாவோட அண்ணன் பேருல ஆர்டர் கொடுத்திருக்காரு. முகத்துல கண்ணாடி இல்லேன்னா எல்லாரும் கேட்பாங்க, ஆளுக்கு ஒருத்தர் தட்டோட ஓடுவாங்கன்னு அந்த வெத்துக் கண்ணாடியை மாட்டிக்கிட்டாரு.

"மூணு நாள்ல வந்தா கையெழுத்துப் போடறது. வரலேன்னா உங்க காகிதத்தைக் கிழிச்சுப் போடறதுன்னு முடிவு பண்ணேன். கணக்கெல்லாம் நீங்க காட்டுவீங்கம்மா. தொண்ணூத்தி மூணுன்னு நீங்க சொன்னா நான் தலையாட்டுவேன். யாருக்கும் தெரியாத ஒருத்தனா வரிசையில நின்னு பார்த்தாத்தானே எனக்குத் தெரியும்."

"நேத்து மெஷின் நின்னப்ப..."

"நேத்து என் தட்டு அந்தக் குவியலுக்குள்ளதான் இருந்திருக்கும். சின்னக் கடை, புதுக் கடை. நீங்க பெரிய கடையை முன்னாடி விட்டிருந்தா எனக்கு வெள்ளிக்கிழமைதான். அதான் கேட்டேன், மாத்தினீங்களான்னு."

கேட்காமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்துட்டேன். ஒரு நிமிஷம், அந்தப் போன்ல ஒரே ஒரு நிமிஷம் தடுமாறினேனே, அதை நினைச்சு வேர்த்துது. அப்புறம் அப்பாடான்னு சத்தமாவே சொல்லிட்டேன். அம்மா தண்ணி ஊத்திக் கொடுத்தாங்க.

அவர் கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருந்த சீட்டை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சாரு. தேய்ப்பு, பாலிஷ், பூச்சு, வெட்டு, பொருத்தல், பரிசோதனை, பெட்டி. ஏழு முத்திரை.

"இதுல யாருக்காச்சும் இது என்னுதுன்னு தெரியுமா?"

"தெரிஞ்சிருக்காது சார். இதே பவர் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வருது."

"முன்னெல்லாம் மேஸ்திரி சீட்டைப் பார்த்ததும் சொல்லிடுவாரு." சொல்லிட்டு சீட்டை மறுபடியும் கூட்டுக்குள்ள வச்சாரு. அப்புறம் என் நிரந்தர உத்தரவை மேஜை ஓரத்துல இருந்து இழுத்தாரு. முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் விரலை வச்சுப் படிச்சாரு. ரெண்டாம் பக்கத்துல ஒரு தேதி தப்புன்னு கண்டுபிடிச்சு, அதைத் திருத்தி, பக்கத்துல சின்னக் கையெழுத்துப் போட்டாரு. அடியில பெரிய கையெழுத்து. என் ராஜினாமாவை நாலாக் கிழிச்சு குப்பைக் கூடையில போட்டாரு.

"நாலு நாளும் ரொம்பப் பயந்துட்டேன்மா"ன்னாரு.

"வராமப் போயிடுமோன்னா சார்?"

"வந்துடுமோன்னு."

அம்மா சிரிக்கிறதை நிறுத்திட்டாங்க. அவர் பேனாவை மூடி சட்டைப் பையில வச்சுக்கிட்டே பேசினாரு.

"இருபத்தாறு வருஷமா ஒரு நாள் லீவு போட்டதில்ல. நான் ஓடலேன்னா இது நின்னுடும்னு நம்பிக்கிட்டே ஓடினேன். நான் இல்லாமலே என் கண்ணாடி வந்துட்டா, அப்புறம் நான் எதுக்கு? அதான் பயம். இப்ப மாட்டிப் பார்த்தா..." அறையைச் சுத்தி ஒரு தடவை பார்த்தாரு. அலமாரி, காலண்டர், அம்மா, நான். "நல்லாத்தான் தெரியுது. வயசான காலத்துல இவளோட ரெண்டு இடம் போய்ட்டு வரலாம் போலிருக்கு."

"அதைச் சொல்ல இத்தனை வருஷமா"ன்னு அம்மா சொல்லிட்டு, புடவைத் தலைப்பால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

மேஜையில இருந்த அவர் கைப்பேசி அடிச்சுது. பன்னிரண்டு பேர்ல ஒருத்தர். ஒலிபெருக்கியில போட்டாரு. அண்ணே, நம்ம ஆள் ஒருத்தர் நாளைக்கு விமானம், ஒரே ஒரு தட்டுன்னு அதே பாட்டு.

"எப்பப்பா கொடுத்த?"

"இன்னிக்குக் காலையில அண்ணே."

"அப்ப திங்கட்கிழமை வந்துடும். கண்டிப்பா வரும்பா. நான் இப்பத்தான் வாங்கிட்டு வந்தேன்."

இவர் நிதானமா, வேற எப்படி இருக்கே, மூட்டு வலி தேவலையான்னு விசாரிச்சுட்டு வச்சாரு. எழுந்து அம்மா கைப்பையைத் தான் வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டாரு. மணி அஞ்சே கால். ரெண்டு பேரும் படியிறங்கிப் போனாங்க. அம்மா கையைப் பிடிக்கப் போனாங்க, எனக்குத்தான் தெரியுதேன்னாரு. அப்புறம் அவரே பிடிச்சுக்கிட்டாரு.

நான் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு என் போன் அடிச்சுது. மேஸ்திரி. குரல்ல பதட்டம்.

"மேடம், முதலாளி இப்பவே கேட்டைத் தாண்டிப் போறாரு. அஞ்சே காலுக்கு அவர் போய் நான் பார்த்ததே இல்ல. உடம்புக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணும் இல்ல அண்ணே"ன்னேன். "வீட்டுக்குப் போறாரு."